விழ வேண்டிய மூடி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையோரம் ஒரு ஓட்டலில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஏசி, லிஃப்ட், பம்பு, ஜெனரேட்டர் என்று தினமும் ஏதாவது ஒன்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் மட்டும் கூப்பிடாது. வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். அதைச் சுற்றியிருக்கும் வளையத்தையும் மூடியையும் அலங்காரச் சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2023 மே மாதம் நான்காம், ஐந்தாம் மாடிகளுக்குப் பெயிண்ட் அடித்தோம். பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். வேலை பளிச்சென்று வந்திருந்தது. கூரை ஒரே வெள்ளையாக, கோடு குறை இல்லாமல் இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி நான்காம் மாடி வராந்தாவில் விளக்கு ஒன்றை மாற்ற ஏணி போட்டு ஏறினேன். கையில் டார்ச். பக்கத்திலேயே ஒரு ஸ்பிரிங்க்ளர் மூடி. டார்ச் வெளிச்சம் அதன் மேல் பக்கவாட்டில் விழுந்தது. நல்ல மூடி என்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய நிழல் வளையம் ஒன்று தெரியும். அங்கே நிழலே இல்லை. மூடியும் கூரையும் ஒரே தோலாக ஒட்டியிருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன். பெயிண்ட் சுருண்டு வந்தது. அதற்கடியில் ரப்பர் மாதிரி வெள்ளைப் பசை. இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ விளிம்பு முழுக்கப் பசை வைத்து அடைத்து, மேலே ரோலரை உருட்டியிருக்கிறார்கள்.

இதில் என்ன ஆபத்து என்று புரிய, அந்த மூடி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

வராந்தாவிலும் அறைகளிலும் இருப்பது கூரைக்குள் ஒளிந்திருக்கும் வகை ஸ்பிரிங்க்ளர். கீழிருந்து பார்த்தால் தட்டையான ஒரு வட்டத் தகடு மட்டும்தான் தெரியும், அதுதான் மூடி. தகட்டுக்கு மேலே, ஒரு கிண்ணத்துக்குள், ஸ்பிரிங்க்ளரின் தலை. அந்தத் தலையின் வாயை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி அடைத்துப் பிடித்திருக்கும். குப்பிக்குள் திரவம். சூடு ஏறும்போது திரவம் விரிந்து குப்பி உடையும், தண்ணீர் பாயும். குப்பியின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடலாம்: ஆரஞ்சு என்றால் 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. எங்கள் அறைகளில் இருப்பது சிவப்பு. சமையலறை அடுப்புப் பக்கம் பச்சை.

தகட்டை அதன் கழுத்து வளையத்தோடு சில புள்ளிகளில் உலோகப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பற்று குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகம். எங்களிடம் இருப்பது 57 டிகிரியில் கழன்றுகொள்ளும். அதாவது தீ பிடித்தால் முதலில் தகடு விழ வேண்டும். அது விழுந்தால்தான் தண்ணீரைச் சிதறடிக்கும் தட்டு கீழே இறங்கும், குப்பிக்கு நேரடியாகச் சூடு படும், 68 டிகிரியில் உடையும். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே விடும் மூன்று மில்லிமீட்டர் போன்ற இடைவெளி சூடான காற்று போய்வருவதற்காக விட்டது. அதை அடைத்தால் சூடு உள்ளே போவது தாமதமாகும். பெயிண்டும் பசையும் சேர்ந்து தகட்டைக் கூரையோடு ஒட்டிவிட்டால், பற்று உருகினாலும் தகடு விழாது. தீ விபத்தில் ஒரு நிமிடம் என்பது சின்ன விஷயமே இல்லை.

மறுநாள் காலை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் ஒரு பெரியவருக்குப் போன் போட்டேன். வாழ்நாள் முழுக்க ஸ்பிரிங்க்ளர் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், இந்த மண்ணில் நான்காம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம்தான், ஆனாலும் என்னைக் கண்டால் தமிழுக்கு மாறிவிடுவார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன், இங்கே அதுதான் வழக்கம். பழைய பக்கியை ஓட்டிக்கொண்டு அரை மணியில் வந்து சேர்ந்தார். பக்கி என்பது இந்த ஊரில் பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி. ஏணியில் ஏறி, கட்டைவிரலால் தகட்டை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“தம்பி, இந்த மூடி வுழறதுக்குத்தான் இருக்கு. வுழாத மூடிய மேல வெச்சி என்னா செய்ய?”

அன்று இரண்டு மாடியையும் ஒன்றுவிடாமல் பார்த்தோம். மொத்தம் 104 தலைகள். அதில் 61 மூடிகளில் பெயிண்ட் அல்லது பசை. கத்தி முனையால் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கீறி ஒவ்வொன்றாக இறக்கினோம். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு மூடியைக் கழற்றினால் உள்ளே தலைக்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் தொப்பி. தொழிற்சாலையில் இருந்து வரும்போது குப்பி உடையாமல் இருக்கப் போட்டு அனுப்புவது. கூரை வேலை முடிந்து மூடி மாட்டும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். எப்போதோ, எனக்கு முன்னால் நடந்த ஒரு புதுப்பிப்பு வேலையில், கழற்றாமலே மூடியைப் போட்டு மறைத்திருக்கிறார்கள். அப்படி 9 தலைகள். அத்தனை வருடமும் அந்த அறைகளில் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்து போயிருக்கின்றன. அங்கிள் அந்த ஒன்பது தொப்பிகளையும் வராந்தாத் தரையில் வரிசையாக வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பெயிண்டர் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. இடைவெளி தெரிந்தால் வேலை சரியில்லை என்று சொல்வார்கள், அதனால் அடைத்தேன் என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலைத் தாளில் கதவு, சன்னல், சுவர் எல்லாம் எழுதியிருந்தேன். ஸ்பிரிங்க்ளர் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பல மூடிகளின் முகத்திலேயே ‘பெயிண்ட் அடிக்காதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். முதல் தடவை ரோலர் உருட்டியதுமே அந்த எழுத்து போய்விடும். அடுத்த தடவை வருகிறவனுக்கு அது இருந்ததே தெரியாது.

நிர்வாகத்திடம் போக வேண்டியிருந்தது. பெயிண்ட் பட்ட மூடியைச் சுரண்டித் திரும்ப மாட்டலாமே என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி. கூடாது. சுரண்டும்போது பற்று நசுங்கும், கரைப்பான் போட்டுத் துடைத்தால் அதுவும் பற்றைத் தொடும். தலையிலேயே பெயிண்ட் பட்டிருந்தால் இன்னும் மோசம், அதைத் துடைக்கவே கூடாது, தலையை மாற்றத்தான் வேண்டும். எங்களுக்கு நான்கு தலைகள் அப்படிப் போயின.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் பட்டறையில் செய்து காட்டினேன். சேதமான மூடி ஒன்றைக் கூரைப் பலகைத் துண்டோடு சேர்த்தே வெட்டி எடுத்து வந்திருந்தோம். உதிரியாக இருந்த சுத்தமான மூடி ஒன்றையும் அதே மாதிரி ஒரு பலகைத் துண்டில் பொருத்தினோம். அறையில் விருந்தினர்களுக்கு வைக்கும் ஹேர் டிரையரை எடுத்து இரண்டுக்கும் கீழிருந்து சூடு காட்டினேன். சுத்தமான மூடி சற்று நேரத்தில் ‘டிங்’ என்று கழன்று சிமெண்ட் தரையில் உருண்டது. பெயிண்ட் அடித்தது அப்படியே இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தால் உள்ளே பற்று விட்டுப்போய்த் தகடு லேசாக ஆடுகிறது, ஆனால் பசையும் பெயிண்டும் அதை விடவில்லை. மேலாளர் ஹேர் டிரையரைத் தன் கையில் வாங்கி இன்னும் கொஞ்ச நேரம் காட்டிப் பார்த்தார். விழவில்லை. இதைக் கழற்றிய மூடியில், தலை இல்லாத இடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். கூரையில் மாட்டியிருப்பதன் கீழே டிரையரைக் கொண்டுபோனால் குப்பி உடைந்து அறையே குளமாகிவிடும். சூடு காட்டிய மூடியைத் திரும்பவும் மாட்டக் கூடாது.

அந்த வாரமே, ஆகஸ்ட் 31 அதிகாலை, ஜோகன்னஸ்பர்க் மார்ஷல்டவுனில் பழைய கட்டடம் ஒன்று எரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். டிவியில் அந்தக் கரி பிடித்த சன்னல்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் நான்காம் மாடி வராந்தாதான் ஞாபகம் வந்தது. அப்புறம் செலவைப் பற்றி நிர்வாகத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மூடி வாங்குவது தனிப் பாடம். வட்டம் ஒன்றுதானே, எந்தக் கடையில் வாங்கினால் என்ன என்று தோன்றும். ஒரு வியாபாரி வேறு கம்பெனி மூடியைக் கொண்டுவந்து, மரை சரியாக உட்காருகிறது பாருங்கள் என்று மாட்டியே காட்டினார். உட்காரத்தான் செய்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பொறித்திருந்த டிகிரி வேறு. அது கழலும் சூட்டில் உள்ளே இருக்கும் குப்பி முன்பே உடைந்திருக்கும், தண்ணீர் தகட்டின் முதுகில் அடித்துத் திரும்பும். தலையும் மூடியும் சேர்த்துச் சோதித்து, சேர்த்து ஒப்புதல் வாங்கிய ஜோடி. தலையில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்கென்றே வந்த மூடியைத்தான் போட வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ-வின் விதிகள் இதில் கறாராக இருக்கின்றன: அந்த ஜோடி மூடி இப்போது சந்தையில் கிடைக்கவில்லை என்றால் தலையையே மாற்ற வேண்டும். தென்னாப்பிரிக்காவில் சான்ஸ் 10287 என்ற தேசியத் தரமும், ஸ்பிரிங்க்ளர்களை ஆய்வு செய்யும் அமைப்பான ஏ.எஸ்.ஐ.பி-யின் விதிகளும் இருக்கின்றன. காப்பீட்டுக்காரர்கள் இவற்றை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

கூரையின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்றால் நிறத்தின் எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளரே சாயம் பூசி அனுப்புவார். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. விலையைவிட அந்த ஆறு வாரம்தான் கஷ்டம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். இரண்டு மாடிக்கும் ராத்திரி மணிக்கு ஒரு முறை ஆள் சுற்றி வந்து நோட்டில் கையெழுத்து போட்டார். முடிந்தவரை கீழ் மாடி அறைகளையே விருந்தினர்களுக்குக் கொடுத்தோம்.

புது மூடிகள் வந்த நாளில் இன்னொன்றைக் கற்றுக்கொண்டேன். துறைமுகப் பக்கம் இருந்து பெட்டியை எடுத்து வந்த பையன், பக்கியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகப் பார்த்தான். டர்பன் வெயிலில் பூட்டிய வண்டியின் முன்பலகை எவ்வளவு கொதிக்கும் என்று தொட்டவர்களுக்குத் தெரியும். 57 டிகிரியில் கழலும் சாமான் அது. 38 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருந்தது. ஓடிப்போய் எடுத்து உள்ளே வைத்தேன். இப்போது உதிரித் தலைகளும் அவற்றை மாட்டிக் கழற்றும் சாவியும் இருக்கும் சிவப்பு அலமாரியிலேயே மூடிகளையும் வைக்கிறோம், பம்பு அறையில் கிடையாது.

எல்லா வளையமும் இவ்வளவு கெடுபிடி இல்லை. கார் நிறுத்தும் இடத்திலும் துணி துவைக்கும் பகுதியிலும் தலை கூரைக்கு வெளியே தொங்கும் வகை. அங்கே தலையைச் சுற்றியிருப்பது துளையை மறைக்கும் சாதாரண வளையம். துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம், இரண்டு பாதியாகத் திறந்து மூடும் வளையம் கிடைக்கிறது, தலையைக் கழற்றவே வேண்டாம். இந்த ஊர் உப்புக் காற்று தூத்துக்குடிக் காற்றுக்கு அண்ணன். நீச்சல் குளத்துப் பக்கம் குரோம் பூச்சு வளையங்கள் இரண்டே வருடத்தில் புள்ளி புள்ளியாகத் துருவேறின. துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினோம். வளையத்தில் துரு என்றால் வளையத்தோடு போகும், தலையில் துருவோ பச்சைக் களிம்போ ஏறியிருந்தால் தலையை மாற்ற வேண்டும். வளையம் விழுந்து துளை திறந்து கிடந்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். சூடு அந்த ஓட்டை வழியாகக் கூரைக்கு மேலே ஏறிவிடும், தலை திறக்கத் தாமதமாகும். துவைக்கும் பகுதியில் தள்ளுவண்டிக் கம்பி இடிக்கும் இடங்களில் தலைக்குக் கம்பிக் கூண்டு மாட்டியிருக்கிறோம். அதுவும் அந்தத் தலைக்கென்று ஒப்புதல் வாங்கிய கூண்டுதான்.

கல்யாணக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழைய பகுதி அறைகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்க்ளர்கள் உண்டு. பார்ப்பதற்குக் கொக்கி மாதிரியே இருக்கும். டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் பீனிக்ஸிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார் மணப்பெண் அறையில் முகூர்த்தப் புடவையை உறையோடு ஹேங்கரில் போட்டு அதில் மாட்டிவிட்டார்கள். காஞ்சிபுரம் பட்டு, நல்ல கனம். இறக்கும்போது ஹேங்கர் குப்பியில் சிக்கி இழுத்தது. குப்பி உடைந்தது. எங்கள் குழாயில் 3 பார் அழுத்தம். சாதாரணத் தலை ஒன்று அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 140 லிட்டர் அளவுக்குக் கொட்டும். வால்வை மூட எங்களுக்கு ஏழு நிமிடம் ஆனது. 900 லிட்டருக்கு மேல். அதுவும் நல்ல தண்ணீர் கிடையாது. வருடக்கணக்கில் இரும்புக் குழாய்க்குள் கிடந்த தண்ணீர் கறுப்பாக, எண்ணெயும் துருவும் நாறிக்கொண்டு வரும். பெண்ணின் அம்மா அந்தப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்ற கோலம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரி தன் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கல்யாணம் நேரத்துக்கு நடந்தது.

அதன் பிறகு ‘இங்கே மாட்டாதீர்கள்’ என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் வில்லை ஒட்டினோம். வில்லையை யார் படிக்கிறார்கள்? வேலை செய்தது வேறு: அலமாரிக்குப் பக்கத்தில் உயரமாக உறுதியான கொக்கி ஒன்று அடித்தோம். நீளமான துணியை மாட்ட நல்ல இடம் இருந்தால் யாரும் ஸ்பிரிங்க்ளரைத் தேடிப் போவதில்லை.

கல்யாண மண்டபத்தில் அடிக்கடி கேட்பது ஓமப் புகையைப் பற்றி. புகைக்கு ஸ்பிரிங்க்ளர் திறக்காது, சூட்டுக்குத்தான் திறக்கும். ஒன்று திறந்தால் எல்லாம் திறக்கும் என்பதும் சினிமாவில் மட்டும்தான். சூடு பட்ட தலை மட்டுமே திறக்கும். புகைக்குக் கத்துவது வேறு கருவி, அதை முன்கூட்டியே சொன்னால் பார்த்துக்கொள்வோம். எனக்குக் கவலை ஓமகுண்டத்தைவிட அலங்காரத்தின் மேல்தான். கூரை முழுக்கத் துணி விரித்துக் கட்டுகிறார்கள், மூடிகளைச் சுற்றி மாவிலைத் தோரணத்தையும் மல்லிகைச் சரத்தையும் ஒட்டுகிறார்கள். துணிக்கு மேலே தண்ணீர் விழுந்து என்ன பயன்? தலைக்குக் கீழே அரை மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும், தலைக்கு நேர் கீழே துணி கூடாது என்று அலங்காரக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வரி: சோப்பு, அம்மோனியா கலந்த திரவம், ஈரத் துணி எதுவும் வேண்டாம். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

பெயிண்ட் வேலைக்கு இப்போது எங்கள் முறை இப்படி. வேலைக்கு முந்தின நாள் என் ஆளே ஒவ்வொரு மூடியையும் கழற்றி, பின்னால் பென்சிலில் அறை எண் எழுதிப் பெட்டியில் அடுக்கிவிடுவார். தலைக்கு மெல்லிய காகிதப் பை ஒன்றைப் போட்டுக் கட்டுவார். பையின் மேலும் எண். பெயிண்டருக்கு மூடியைத் தொடும் வேலையே கிடையாது. அன்று சாயங்காலமே பைகள் இறங்க வேண்டும், ராத்திரிக்கு ஒரு பைகூடத் தலையில் இருக்கக் கூடாது. மூடி மாட்டியதும் நானே டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து அந்த நிழல் வளையத்தைப் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்து.

போன மாதம் ஆறாம் மாடி. காலையில் 52 பைகள் போட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையில் எண்ணினால் 51. எண் 37ஐக் காணோம். பெயிண்டர்கள் கிளம்பிவிட்டார்கள். அறை அறையாகப் போய்த் தேடினோம். கடைசியில் துணி வைக்கும் சின்ன அறையில், மேல் தட்டில் அடுக்கியிருந்த தலையணைகளுக்கு மேலே, கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்து, மூடியை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நோட்டில் 52 என்று எழுதினேன்.